பயணிகளைத் தானே உருவாக்கிக்கொண்ட ரயில்: ஹான்க்யூ நிறுவனத்தின் முதல் இருபது ஆண்டுகள்

ஜப்பானின் தனியார் ரயில் நிறுவனங்களைப் பற்றிப் பேச்சு எழும்போது இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடும். அங்கே ரயில் ஓட்டுவதில் லாபமே கிடையாது, நிலம் விற்றும் கடை நடத்தியும் வருகிற பணத்தில்தான் வண்டி ஓடுகிறது என்பார் ஒருவர். அவை உண்மையில் மனை வணிக நிறுவனங்கள்தான், ரயில் அவற்றுக்கு ஒரு விளம்பரப் பலகை என்பார் இன்னொருவர். இரு தரப்பும் ரயிலை ஒரு பக்கமும் நிலத்தையும் கடையையும் மறுபக்கமும் வைத்து, எது எதைத் தாங்குகிறது என்று கேட்கின்றன. கேள்வியே அங்குதான் பிசகுகிறது. நிலம், கடை, நாடகக் கொட்டகை ஆகியவை முதன்முதலில் எதற்காகத் தோன்றின என்பதைப் பார்த்தால், அவை வண்டியின் காலி இருக்கைகளை நிரப்புவதற்கென்றே சிந்தித்து உருவாக்கப்பட்டவை என்பது விளங்கும்.

இந்த முறை முழுமையாக வடிவம் பெற்ற இடம் ஒசாகா. அதை உருவாக்கிய நிறுவனம் இன்று ஹான்க்யூ என்று அறியப்படுகிறது. 1907-இல் அது தொடங்கியபோது அதன் பெயர் மினோ அரிமா மின்சார டிராம்வே. அதன் முதல் இருபது ஆண்டுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அடிப்படைக் கருத்து அனைத்தும் அந்தக் காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

வட்டார மின்ரயில் என்பது எது?

ஜப்பானில் 1906-இல் ரயில்வே நாட்டுடைமைச் சட்டம் நிறைவேறியது. அதுவரை நாட்டின் முக்கியத் தடங்கள் பலவற்றைத் தனியார் நிறுவனங்களே நடத்திவந்தன. அவற்றுள் 17 நிறுவனங்களை அடுத்த ஆண்டு முடிவதற்குள் அரசு வாங்கிக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் முதல் விதியிலேயே ஒரு விலக்கு இருந்தது: ஒரு வட்டாரத்துக்குள் நடக்கும் போக்குவரத்துக்காக மட்டும் அமைந்த ரயில் தடம் அரசுக்குரியதாக இருக்க வேண்டியதில்லை. நீண்டதூரத் தடங்கள் கைவிட்டுப்போன பின் தனியார் மூலதனத்துக்கு எஞ்சிய வாசல் இந்த விலக்குதான்.

அந்த வாசலிலும் ஒரு தடை இருந்தது. அரசுத் தடத்துக்கு இணையாக, அதனோடு போட்டி போடும்படி ஒரு ரயில் பாதைக்கு உரிமம் பெறுவது எளிதல்ல. இங்கேதான் டிராம் சட்டம் உதவிக்கு வந்தது. டிராம் என்பது தெருவில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் நகர வண்டி. அதற்கென 1890-இல் பிறந்த தனி விதிமுறை, தண்டவாளம் பொதுச்சாலையின் மீது அமைய வேண்டும் என்று எதிர்பார்த்தது. ஒசாகாவையும் கோபேயையும் கடலோரமாக இணைக்க விரும்பிய ஹான்ஷின் நிறுவனம் டிராம் என்ற பெயரில் உரிமம் பெற்று, பாதையின் சிறு பகுதியை மட்டும் சாலையில் போட்டுவிட்டு, மீதியைத் தன் சொந்த நிலத்திலேயே அமைத்துக்கொண்டது. ஏதேனும் ஒரு பகுதி சாலையில் இருந்தால் போதும் என்று அதிகாரிகளும் தாராளமாகப் பொருள்கொண்டார்கள். 1905 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய அந்த வண்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம் சென்றது. பெயரளவில் டிராம், நடைமுறையில் இரு நகரங்களுக்கிடையே ஓடும் மின்ரயில். அரசின் தண்டவாள அகலம் 1067 மில்லிமீட்டராக இருக்க, ஹான்ஷின் 1435 மில்லிமீட்டர் அகலத்தைத் தேர்ந்தெடுத்தது. மினோ அரிமா நிறுவனமும் இதே அகலத்தில், இதே டிராம் உரிமத்தில் பிறந்ததுதான்.

நீராவி ரயிலுக்கும் மின்ரயிலுக்கும் இடையே வேறொரு வேறுபாடும் உண்டு. நீராவி எஞ்சின் நீண்ட வண்டியை எப்போதாவது ஒருமுறை இழுப்பதற்கு ஏற்றது. மின்வண்டி ஒன்றிரண்டு பெட்டிகளோடு அடிக்கடி ஓடும், அடிக்கடி நிற்கும், நின்றதும் விரைவாக மீண்டும் வேகமெடுக்கும். நேர அட்டவணையைப் பார்த்துப் புறப்பட வேண்டிய பயணம் நினைத்த நேரத்தில் புறப்படும் பயணமாக மாறியது. நகருக்கு வெளியே குடியிருந்து தினமும் நகருக்குள் வேலைக்குப் போகலாம் என்ற எண்ணத்துக்கு இந்த மாற்றம்தான் அடித்தளம்.

பங்குகளை வாங்க ஆளில்லாத நிறுவனம்

நாட்டுடைமையாக்கப்பட்ட 17 நிறுவனங்களுள் ஹான்காக்கு என்பதும் ஒன்று. தங்கள் ரயில் அரசிடம் போகப்போகிறது என்று தெரிந்ததும் அதன் இயக்குநர்கள் ஒரு புதிய திட்டம் தீட்டினார்கள். ஒசாகாவின் உமேதாவிலிருந்து வடமேற்கே இக்கேதா வழியாகத் தகராசுகா வரை ஒரு மின்தடம், நடுவே இஷிபாஷியில் பிரிந்து மினோ அருவிக்கு ஒரு கிளை, பின்னர் மலைகளைத் தாண்டி அரிமா வெந்நீர் ஊற்று வரை ஒரு நீட்சி. நிறுவனத்தின் பெயரில் மினோவும் அரிமாவும் இடம்பெற்றது இதனால்தான். அரிமாவுக்கு இந்த நிறுவனத்தின் தண்டவாளம் கடைசிவரை போகவே இல்லை. மலைப்பகுதிச் செலவு கட்டுப்படியாகவில்லை.

ஹான்ஷின் தடத்தின் இருமுனையிலும் பெருநகரங்கள் இருந்தன, வழியெங்கும் பழைய ஊர்கள் நெருக்கமாக அமைந்திருந்தன. மினோ அரிமா தடத்தின் ஒரு முனையில்தான் ஒசாகா. மறுமுனையில் சிறியதொரு வெந்நீர் ஊற்று, இடையே வயல்களும் சிற்றூர்களும் சில கோயில்களும். போதாக்குறைக்கு, ருஷ்யப் போருக்குப் பின் பொங்கியெழுந்த பங்குச்சந்தை 1907-இல் சரிந்தது. நிறுவனம் வெளியிட்ட 1,10,000 பங்குகளில் ஏறத்தாழ பாதிக்குப் பணம் கட்ட ஆளில்லை. திட்டத்தைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

அந்த நேரத்தில் பொறுப்பேற்றவர் கோபயாஷி இச்சிசோ. 1873-இல் யமனாஷி மாகாணத்தில் பிறந்தவர். கெய்ஓ கல்லூரியில் படித்துவிட்டு மிட்சுயி வங்கியில் பதினான்கு ஆண்டுகள் வேலைபார்த்தவர். ரயில் பொறியியலும் தெரியாது, ரயில் நடத்திய அனுபவமும் இல்லை. வங்கி வேலையை விட்டு அவர் ஒசாகாவுக்கு வந்ததே வேறொரு பங்குவணிக நிறுவனத்தில் சேரத்தான். சந்தைச் சரிவில் அந்த வாய்ப்பு கைநழுவி, ஹான்காக்குவில் ஒரு தணிக்கைப் பதவியில் வந்து சேர்ந்திருந்தார். எஞ்சிய பங்குகளைக் கித்தஹாமா வங்கியின் தலைவர் இவாஷிதா செய்ஷூவின் துணையோடு வாங்கச் செய்து, நிறுவனத்தைக் காப்பாற்றி, அதன் நடைமுறைப் பொறுப்பை 1907 அக்டோபரில் கையில் எடுத்தார். அதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம் முக்கியமானது. தடம் அமையவிருந்த வழியில் ஒசாகாவுக்கும் இக்கேதாவுக்கும் இடையே அவர் கால்நடையாக நடந்துபார்த்தார்.

வாய்க்கால் வெட்டியவரின் நிலை

நடந்துபார்த்தபோது அவருக்குத் தோன்றியது என்ன என்பதை விளக்க ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன் சொந்தச் செலவில் ஆற்றிலிருந்து நீண்டதொரு வாய்க்கால் வெட்டுகிறார். இருபுறமும் இருக்கும் நிலமெல்லாம் மற்றவர்களுடையது. தண்ணீர் வந்ததும் நேற்றுவரை புஞ்சையாகக் கிடந்தது நஞ்சையாகிறது. விலை பல மடங்காகிறது. வெட்டியவருக்குக் கிடைப்பது தண்ணீருக்கான கட்டணம் மட்டும். நிலம் ஏறிய விலையில் அவருக்குப் பங்கில்லை. அது, வாய்க்காலுக்கு ஒரு காசும் கொடுக்காத பக்கத்து நிலக்காரர்களிடம் போய்ச் சேருகிறது. வாய்க்கால் வெட்டும் முன்பே அதே மனிதர் கரையோரப் புஞ்சையில் ஒரு பகுதியை வாங்கியிருந்தால், அவர் உழைப்பால் கூடிய மதிப்பில் ஒரு பங்காவது அவரிடமே திரும்பியிருக்கும்.

ரயிலும் இதேபோல்தான் நிலத்தின் மதிப்பை உயர்த்துகிறது. பொதுவசதி ஒன்றை அமைப்பதால் அதன் அருகிலுள்ள நிலத்துக்கு ஏறும் மதிப்பை, அந்த வசதியை அமைத்தவரே ஈட்டிக்கொள்வதை நில மதிப்பு மீட்பு என்று சொல்லலாம். அரசுகள் இதை வரி மூலம் செய்வதுண்டு. கோபயாஷி செய்தது அதைவிட நேரடியானது: தண்டவாளம் போடும் முன்பே நிலத்தை வாங்கினார்.

அவர் பின்னாளில் எழுதிவைத்த கணக்கு மிக எளிமையானது. ஜப்பானிய நில அளவையான சுபோ ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர். ரயில் வருமா வராதா என்று ஊரே ஐயப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சுபோ ஒரு யென் என்ற கணக்கில் நிலம் கிடைக்கும். ரயில் ஓடத் தொடங்கிய பின் சுபோ ஒன்றுக்கு இரண்டரை யென் லாபம் வைத்து, அரையாண்டுக்கு 50,000 சுபோ விற்றால் 1,25,000 யென் கிடைக்கும். வண்டியில் கூட்டம் சேராத தொடக்க ஆண்டுகளில் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல இந்தத் தொகை உதவும். நிறுவனத்தின் மேல் நம்பிக்கை இல்லாததால்தான் நிலம் மலிவாகக் கிடைத்தது என்பது இந்தக் கணக்கின் விசித்திரமான அம்சம்.

ஆனால் கணக்கு இத்தோடு முடிந்துவிடவில்லை. வாய்க்கால் உவமை இதற்கு மேல் நமக்கு உதவாது. நஞ்சையான நிலத்தால் வாய்க்காலில் தண்ணீர் கூடுவதில்லை. ரயில் ஓரத்தில் குடியேறும் ஒவ்வொரு குடும்பமோ ரயிலில் பயணிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. மனை ஒருமுறை விற்றால் லாபம் ஒருமுறைதான். அங்கே குடிவந்தவர் வாங்கும் பயணச்சீட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. இதனால்தான் இவரை நிலத்தரகர் என்று அழைப்பது பொருந்தாது. தரகருக்கு மனை விற்றதும் வேலை முடிந்துவிடும். கோபயாஷிக்கு மனை விற்ற பிறகுதான் வேலை தொடங்குகிறது. வாங்கியவர் அங்கே வீடு கட்டாமல் விலையேற்றத்துக்காக மனையைச் சும்மா போட்டுவைத்தால், தரகருக்கு அதனால் நட்டமில்லை. ரயிலுக்கு ஒரு குடும்பத்தின் பயணம் அத்தனையும் நட்டம். அவர் வெற்று மனைகளை விட வீட்டோடு கூடிய மனைகளை விற்க விரும்பியது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

புகை நகரத்துக்கு எழுதிய விளம்பரம்

1908-இல் நிறுவனம் ஒரு சிறு கையேட்டை அச்சிட்டு வழங்கியது. மிகுந்த எதிர்காலமுள்ள மின்ரயில் என்பது அதன் தலைப்பின் பொருள். கட்டுமானச் செலவு எவ்வளவு, வருமானம் எவ்வளவு வரும், நிலம் எதற்கு என்றெல்லாம் கேள்வியும் பதிலுமாக எழுதப்பட்டிருந்தது. தொழில் ரகசியம் என்று மற்றவர்கள் பொத்திவைப்பதை, ஓடாத வண்டிக்கு நம்பிக்கை தேட வேண்டிய நிலையில் அவர் வெளிப்படையாக அச்சிட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டில் வந்த கையேடு பங்குதாரர்களை விட்டுவிட்டு ஒசாகா மக்களை நேரடியாக விளித்தது. எந்த நிலத்தைத் தேர்ந்தெடுப்பது, எத்தகைய வீட்டில் வாழ்வது என்பது அதன் பொருள். அழகிய நீர்நகரம் பழங்கனவாக மறைந்துவிட்டது, வானம் இருண்ட புகைநகரில் வாழும் பரிதாபத்துக்குரிய ஒசாகாவாசிகளே என்று அது தொடங்கியது. ஆலைப் புகைபோக்கிகள் நெருங்கிநின்ற நகரத்தில் 10 குழந்தைகள் பிறக்கும்போது 11 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்ற சுகாதாரக் கணக்கையும் அது எடுத்துக்காட்டியது. ரயிலைப் பற்றிய விளம்பரத்தில் ரயிலின் வேகமோ இருக்கையோ முதலில் வரவில்லை, காற்றைப் பற்றிய அச்சம்தான் வந்தது. நுரையீரலைக் காட்டி மனை விற்கிறார்களே என்று முகம் சுளிக்கலாம். ஆனால் புகை உண்மையாகவே இருந்தது.

1910 மார்ச் 10-ஆம் தேதி உமேதா முதல் தகராசுகா வரையிலான ஏறத்தாழ 25 கிலோமீட்டர் முதன்மைத் தடமும், இஷிபாஷி முதல் மினோ வரையிலான 4 கிலோமீட்டர் கிளைத் தடமும் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் இக்கேதா நிலையத்தருகே முரோமாச்சி என்ற குடியிருப்பு விற்பனைக்கு வந்தது. நேர்க்கோட்டுத் தெருக்கள், சுமார் 200 மனைகள், மனைக்கு ஏறத்தாழ 100 சுபோ, அதாவது 330 சதுர மீட்டர். தோட்டத்தோடு கூடிய வீடு, வீட்டில் மின்விளக்கு. அந்த மின்சாரத்தையும் ரயில் நிறுவனமே வழங்கியது. வண்டியை ஓட்ட எப்படியும் மின்நிலையம் வேண்டும். அதிலிருந்து வீடுகளுக்கும் கம்பி இழுத்தால் கூடுதல் வருமானம்.

விற்ற முறைதான் இதில் புதுமை. வீட்டின் விலை சுமார் 2500 யென். அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 500 யென்னை, முதலில் கட்டினால் போதும். மீதியை மாதம் 24 யென் வீதம் பத்து ஆண்டுகளில் செலுத்தலாம். கூட்டிப் பார்த்தால் தவணை மட்டும் 2880 யென் ஆகிறது. மீதமிருந்த 2000 யென்னுக்கு மேலான 880 யென் வட்டி. பரம்பரைச் செல்வர்களுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை, ஆலைத் தொழிலாளர்களுக்கு இது எட்டாது. மாதச் சம்பளம் வாங்கும் வங்கி எழுத்தர், அலுவலகப் பணியாளர், ஆசிரியர் போன்றோரைக் குறிவைத்தே இது வகுக்கப்பட்டது. மாதம் தவறாமல் தவணை கட்டக்கூடியவர், நாள் தவறாமல் வேலைக்குப் போகிறவராகவும் இருப்பார். வங்கியில் கடன் கொடுத்துப் பழகிய ஒருவரின் கை இந்த ஏற்பாட்டில் தெரிகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். சட்டம் தனியாருக்கு வட்டாரத் தடங்களை மட்டும் விட்டுவைத்தது. மக்கள் நிறைந்த தடம் ஹான்ஷினிடம் இருந்தது. மக்களில்லாத தடம் மினோ அரிமாவுக்கு வாய்த்தது. ஆகவே ரயில் வருமுன் நிலம் வாங்கி, வந்தபின் தவணையில் வீடு விற்று, குடிவந்தவர்களைத் தினசரிப் பயணிகளாக்கியது.

காலி வண்டி என்ற நோய்

வேலைக்குப் போகிறவர்களை மட்டும் நம்பியிருந்தால் ரயிலுக்கு இன்னொரு சிக்கல் வருகிறது. காலையில் எல்லோரும் நகரத்தை நோக்கிப் போவார்கள், மாலையில் எல்லோரும் வெளியே வருவார்கள். காலையில் நகருக்குள் நிரம்பி வந்த வண்டி காலியாகத்தான் திரும்ப வேண்டும். நண்பகலில் ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை அறவே இல்லை. ஆனால் தண்டவாளம், பெட்டி, ஓட்டுநர் சம்பளம், கடனுக்கான வட்டி ஆகியவை வண்டி நிரம்பினாலும் காலியாக ஓடினாலும் மாறுவதில்லை. இப்படிப் பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யாத செலவுக்கு நிலைச்செலவு என்று பெயர். ரயில் தொழிலில் செலவின் பெரும்பகுதி நிலைச்செலவுதான். ஆகவே காலியாகத் திரும்பும் வண்டியில் ஏறும் ஒரு பயணியால் நிறுவனத்துக்குக் கூடும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அவர் தரும் கட்டணம் அப்படியே மிச்சம்.

எனவே ஊருக்கு வெளியே, தடத்தின் மறுமுனையில், விடுமுறை நாளில் மக்களை இழுக்க ஏதேனும் வேண்டும். 1910 நவம்பரில் மினோவில் ஒரு விலங்குக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. மலையும் அருவியும் இலையுதிர் காலத்தில் சிவக்கும் மேப்பிள் மரங்களும் அங்கே ஏற்கனவே புகழ்பெற்றவை. காட்சிச்சாலை நிலைக்கவில்லை, 1916-இல் மூடப்பட்டது. மறுமுனையான தகராசுகாவில் 1911 மே மாதம் புதிய வெந்நீர்க் குளியல் வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. அது நன்றாக ஓடியது. அந்தத் துணிச்சலில் மறு ஆண்டே பாரடைஸ் என்ற பெயரில் கூரையிட்ட உள்ளரங்க நீச்சல்குளம் ஒன்றைக் கட்டினார்கள், அது படுதோல்வி அடைந்தது. குளத்து நீரைச் சூடாக்க வசதி செய்யவில்லை, உள்ளே வெயிலும் படவில்லை, தண்ணீர் நெடுநேரம் நிற்க முடியாத அளவுக்குக் குளிர்ந்திருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தவும் அனுமதியில்லை, ஆகவே குடும்பத்தோடு வருபவர்களுக்கும் பயன்படவில்லை.

இடிக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. குளத்தின் மேல் பலகை பரப்பிப் பார்வையாளர் இருக்கைகளாக்கினார்கள். உடைமாற்றும் இடத்தை மேடையாக்கினார்கள். மேடை கிடைத்ததும் அதில் ஆட ஆள் வேண்டும். மிட்சுகோஷி பல்பொருள் அங்காடி சிறுவர்களைக் கொண்டு ஒரு இசைக்குழு நடத்திப் பெயர் வாங்கியிருந்தது. அதைப் பார்த்து, 1913-இல் 16 சிறுமியரைச் சேர்த்துப் பாட்டும் நடனமும் பயிற்றத் தொடங்கினார்கள். 1914 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நிகழ்ச்சி நடந்தது. ஜப்பானியக் குழந்தைகள் அனைவருக்கும் தெரிந்த பீச் பழத்திலிருந்து பிறந்த சிறுவனின் கதையை ஒட்டிய இசைநாடகம் அதில் இடம்பெற்றது. தனிச்சீட்டு கிடையாது, குளிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம். பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுகா நாடகக்குழு இன்று உலகறிந்த ஒன்று. பத்தே ஆண்டுகளில், 1924-இல், அதற்கு ஏறத்தாழ 4000 பேர் அமரும் அரங்கம் எழுந்தது.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் கோபயாஷியின் தீர்க்கதரிசனத்தைப் புகழ்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். குளிர்ந்த குளத்தை அவர்கள் குறிப்பிடுவதில்லை. காட்சிச்சாலை, குளம், பாட்டு என்று மூன்றை முயன்று பார்த்ததில் ஒன்றுதான் நின்றது.

நிற்க வேண்டியது கைநழுவியதும் உண்டு. 1913-இல் தொயோநாகா நிலையத்தருகே நிறுவனம் ஒரு விளையாட்டுத் திடல் அமைத்தது. 1915 ஆகஸ்டில் ஜப்பானின் முதல் தேசிய பள்ளிப் பேஸ்பால் போட்டி அங்கேதான் நடந்தது. 10 அணிகள் கலந்துகொண்டன. இரண்டே ஆண்டுகளில் கூட்டம் திடலுக்கு அடங்கவில்லை. 1917-இல் போட்டி ஹான்ஷின் தடத்திலுள்ள நருவோவுக்கு இடம்மாறியது. பிறகு 1924-இல் ஹான்ஷின் கட்டிய கோஷியென் அரங்கத்துக்குப் போய் நிலைபெற்றது. இன்றுவரை கோடைக்காலப் பள்ளிப் பேஸ்பால் என்றால் கோஷியென்தான்.

விடுமுறைக் கூட்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அக்கம்பக்கத்திலேயே ஒரு சான்று இருந்தது. ஒசாகாவிலிருந்து நாராவுக்கு இகோமா மலையைக் குடைந்து 3 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப்பாதை வழியே 1914-இல் ஓடத் தொடங்கிய ஒசாகா மின்சார டிராம்வே, சுரங்கச் செலவில் கடனாளியாகி, கோயிலுக்குப் போவோரையும் சுற்றிப்பார்ப்போரையும் எதிர்பார்த்து நின்றது. மழை பெய்தால் வசூல் படுத்துவிடும். கையில் பணமில்லாமல், தடத்தோரம் இருந்த ஹோசான்ஜி கோயிலின் உண்டியல் காணிக்கையைக் கடன் வாங்கிய கதை அந்த நிறுவனத்துக்கு உண்டு. அதுவே வளர்ந்து இன்று கின்டெட்சு என்ற பெருநிறுவனமாக இருக்கிறது.

இங்கே மனத்தில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: வீடு வார நாள்களின் காலையையும் மாலையையும் நிரப்பியது, குளியலும் நாடகமும் ஞாயிற்றுக்கிழமையையும் காலி வண்டி திரும்பும் திசையையும் நிரப்பின. பயணக் கட்டணத்தைப் பெருக்குவதுதான் இவை அனைத்துக்கும் பொதுவான நோக்கம்.

காலி வண்டியைப் பெருமையாக்கிய விளம்பரம்

1918-இல் நிறுவனம் தன் பெயரை ஹான்ஷின் விரைவு மின்ரயில் என்ற பொருள்படும்படி மாற்றிக்கொண்டது; இங்கே ஹான்ஷின் என்பது போட்டி நிறுவனத்தை அல்ல, ஒசாகா–கோபே வட்டாரத்தைக் குறிக்கும் சொல். புதிய பெயரின் சுருக்கமே ஹான்க்யூ. 1920 ஜூலை 16-இல் ஒசாகாவையும் கோபேயையும் இணைக்கும் தடம் திறக்கப்பட்டது. அதே இரு நகரங்களுக்கிடையே ஹான்ஷின் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அரசு ரயிலும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக வந்தவருக்குக் கிடைத்தது ரொக்கோ மலையடிவாரம். அங்கே ஊர்கள் குறைவு.

குறையையே கோபயாஷி நிறையாக்கினார். ஊர்கள் இல்லாததால் பாதையை நேராகப் போட முடிந்தது, நிறுத்தங்களைக் குறைக்க முடிந்தது, வேகத்தைக் கூட்ட முடிந்தது. திறப்பு விளம்பரத்தில் அவர் எழுதியது இன்றும் நினைவுகூரப்படுகிறது: அழகான, வேகமான, ஆளில்லாமல் காலியாக ஓடும், கண்ணுக்கினிய காட்சியுள்ள, குளிர்ச்சியான வண்டி. பயணிகள் இல்லை என்பதை ஒளிக்காமல், உட்கார இடம் கிடைக்கும் என்பதைச் சிறப்பாகவே அறிவித்துவிட்டார். அந்த மலையடிவாரம் அடுத்த இருபது ஆண்டுகளில் மேற்கு ஜப்பானின் மிக வசதியான குடியிருப்புப் பகுதிகளில் ஒன்றாக வளர்ந்தது. முரோமாச்சியில் கையாண்ட அதே முறை இங்கே பெரிய அளவில் வேலைசெய்தது.

முனைய நிலையமும் அங்காடியும்

தடம் தொடங்கும் அல்லது முடியும் நிலையத்துக்கு முனைய நிலையம் என்று பெயர். இடைநிலையத்தில் பயணிகளில் சிலர் இறங்குவார்கள். முனையத்தில் அனைவரும் இறங்கியாக வேண்டும். உமேதாவில் ஹான்க்யூவின் முதன்மைத் தடங்கள் வந்து சேர்ந்தன.

அக்காலத்தில் பெரிய பல்பொருள் அங்காடிகள் பெரும்பாலும் பழைய துணி வணிகர்கள் வளர்த்தெடுத்தவை. நகரின் கடைத்தெருக்களில் அமைந்திருந்தன. ரயில் நிலையத்திலிருந்து தங்கள் கடைக்கு வாடிக்கையாளர்களை அழைத்துவர அவை வண்டி அனுப்பின. நம் வண்டி ஏற்கனவே நிலையத்துக்கு மக்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது கடையை ஏன் வேறெங்கோ வைக்க வேண்டும் என்பதே கோபயாஷியின் கேள்வி. உடனே குதித்துவிடவில்லை. 1920-இல் உமேதாவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, தரைத்தளத்தை ஷிரோக்கியா என்ற அங்காடிக்கு வாடகைக்குவிட்டு, நிலையத்தருகே வியாபாரம் நடக்குமா என்று பார்த்தார்; அதற்கு அடுத்த தளத்தில் நிறுவனமே உணவகம் நடத்தியது. வியாபாரம் நடப்பது தெரிந்ததும் 1925-இல் சொந்தமாகச் சந்தை தொடங்கினார். 1929 ஏப்ரல் 15-இல் எட்டு மாடிகளோடு ஹான்க்யூ பல்பொருள் அங்காடி திறக்கப்பட்டது. ரயில் நிறுவனமே தன் முனையத்தில் நடத்திய அங்காடிகளில் ஜப்பானில் இதுவே முதலாவது.

அங்காடியின் உணவகத்தில் கறி சோறு பெயர்பெற்றது. அந்த ஆண்டுகளில் பொருளாதார மந்தம் இறுகியபோது வெறும் சோறு மட்டும் வாங்கி, மேசையில் இலவசமாக இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டுப் போகும் இளைஞர்கள் கூடினார்கள். வேறு உணவகங்கள் அவர்களை விரட்டின. ஹான்க்யூ உணவகம் அவர்களை வரவேற்பதாகவே அறிவித்தது. இன்று சம்பளமில்லாதவர் நாளை குடும்பத்தோடு இதே தடத்தில் வருவார் என்பதே அந்த வரவேற்பின் பின்னிருந்த எண்ணம். தவணையில் வீடு விற்றவருக்கு இப்படிச் சிந்திப்பது புதிதல்ல.

இதை எங்கும் செய்துவிட முடியுமா?

ரயில் போட்டு, நிலம் வாங்கினால் போதும், இதே வெற்றி கிடைக்கும் என்று சொல்பவர்கள் சில சூழ்நிலைகளைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒசாகா வேகமாகத் தொழில்மயமாகி, வெளியேற விரும்பும் அளவுக்கு நெருக்கடியடைந்திருந்தது. மாதச் சம்பளக்காரர்கள் என்ற புதிய வகுப்பு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. சொந்த மோட்டார் வண்டி எவரிடமும் ஏறத்தாழ இல்லாததால், புறநகரில் குடியேறியவருக்கு ரயிலை விட்டால் வேறு வழியில்லை. தடத்தோர நிலம் பெரும் பரப்பில், மலிவாக, ஒரே நிறுவனத்தின் கைக்குக் கிடைத்தது. ரயில் வரும் செய்தி முந்திக்கொண்டு பரவி, நிலத்தின் விலை ஏறிவிட்ட பின் நிலம் வாங்கப்போனால், மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

இந்தச் சூழ்நிலைகள் ஒத்திருந்த இன்னொரு நகரம் தோக்கியோ. தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி 1918-இல் அங்கே தோட்டநகர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். நிலம் இருந்தது, ரயிலை நடத்தத் தெரிந்தவர் இல்லை. ஆலோசனை கேட்டபோது கோபயாஷி, ரயில் துறை அரசு அதிகாரியாக இருந்த கோதோ கெய்தாவின் பெயரைப் பரிந்துரைத்தார். கோதோ பொறுப்பேற்ற மெகுரோ–கமாதா மின்ரயில் 1923 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பெரும் நிலநடுக்கம் தோக்கியோவின் பழைய பகுதிகளைச் சிதைத்தது. புறநகருக்குக் குடிபெயர்ந்தவர்களால் அந்தத் தடம் நிரம்பியது.

காலையில் எதிர்த்திசையில் காலியாகத் திரும்பும் வண்டிக்கு இரு நகரங்களிலும் ஒரே விடையைத்தான் கண்டார்கள்: கல்லூரிகள். நிலநடுக்கத்தில் கட்டடங்களை இழந்த தோக்கியோ தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்துக்குத் தோட்டநகர் நிறுவனம் தன் தடத்தோரத்தில் நிலம் கொடுத்து, அதற்கு மாற்றாக நகருக்குள் இருந்த அதன் பழைய நிலத்தைப் பெற்றுக்கொண்டது. ஹான்க்யூ, கோபேயில் இருந்த குவான்செய் ககுயின் கல்லூரியின் வளாகத்தை வாங்கிக்கொண்டு, அது நிஷினோமியாவின் மேட்டுநிலத்துக்கு 1929-இல் இடம்பெயர வழிசெய்தது. அலுவலகம் போகிறவர்கள் நகருக்குள் இறங்கும் அதே நேரத்தில், நகரிலிருந்து வெளியே புறப்படும் வண்டிகளில் மாணவர்கள் ஏறத் தொடங்கினார்கள்.